படித்தது மருத்துவம், புரியாதது மருத்துவமனை

வேறு நாட்டுக்குப் போய் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படிக்கும் மாணவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. இந்தத் துறைகளில் கற்பிப்பவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கே: நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி நான். உடலியல், மருந்தியல் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். ஆனால் எனக்கே காய்ச்சல் வந்தபோது யாரைப் பார்ப்பது, எந்தப் படிவத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அறையிலேயே சுருண்டு கிடந்தேன். இது வெட்கக்கேடு இல்லையா?

ப: இல்லவே இல்லை. நோயைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, சிகிச்சை கிடைக்கும் வழி தெரிந்திருப்பது வேறு. கல்லூரி முதலாவதைத்தான் சொல்லித் தருகிறது. இரண்டாவதை உள்ளூர் மாணவர்கள் சிறு வயதிலேயே அம்மா அப்பாவோடு டாக்டரிடம் போய் வந்து பழகிவிட்டார்கள். அதனால் அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

சுகாதார எழுத்தறிவு என்பதில் நான்கு வேலைகள் இருக்கின்றன: தகவலைத் தேடி எடுப்பது, புரிந்துகொள்வது, நம்பலாமா என்று எடைபோடுவது, அதை வைத்து முடிவெடுப்பது. உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது கைவந்த கலை. முதலாவதிலும் நான்காவதிலும்தான் இடறுகிறீர்கள். இடறியதும் "நானே நர்சிங் படிக்கிறேன், இதைப் போய் எப்படிக் கேட்பது" என்ற கூச்சம் வந்து வாயை அடைத்துவிடுகிறது.

உடம்பு நன்றாக இருக்கும்போதே சில காரியங்களை முடித்து வையுங்கள். முதலில் குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதியுங்கள். பல நாடுகளில் ஸ்பெஷலிஸ்டை நேராகப் போய்ப் பார்க்க முடியாது, குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பதிவுக்கே சில நாள் ஆகலாம் என்பதால் காய்ச்சலோடு போய் வரிசையில் நின்று பயனில்லை. அடுத்து, அவசர எண். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. இதோடு அவசரமில்லாத ஆனால் நாளை வரை பொறுக்க முடியாத தொல்லைகளுக்குத் தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் அது 111, ஜெர்மனியில் 116117. மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணைத்தான். சளிக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அங்கே வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை, நோயின் தீவிரத்தைப் பார்த்தே வரிசை. இதற்கு நேர்மாறாக, நெஞ்சுவலியை வைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. அது ஆபத்து.

காப்பீட்டுப் பத்திரத்தை முழுதாகப் படிக்க முடியாவிட்டால் ஐந்து விஷயங்களை மட்டும் தேடுங்கள்: நிறுவனம் தரத் தொடங்குமுன் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, ஒவ்வொரு தடவையும் உங்கள் பங்கு, காத்திருப்புக் காலம், முன் அனுமதி தேவைப்படும் சிகிச்சைகள், பணத்தை நீங்கள் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவதா அல்லது மருத்துவமனையே நேராக வாங்கிக்கொள்ளுமா. பல் மருத்துவம் பெரும்பாலும் சேராது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கே: ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தான் வந்தேன். அது போதாதா?

ப: வகுப்பறைக்குப் போதும். ஒப்புதல் படிவத்துக்கும், வலி எப்படி இருக்கிறது என்று முதிய நோயாளி தன் பேச்சுவழக்கில் சொல்வதைப் பிடிப்பதற்கும் போதாது.

கே: மருத்துவமனைப் பயிற்சி தொடங்கத் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். சின்ன வயதில் எல்லாம் போட்டாயிற்று என்கிறார் அம்மா. அட்டை கிடைக்கவில்லை. இரண்டே மாதம்தான் இருக்கிறது.

ப: இந்தப் பகுதிக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான், பதிலும் கொஞ்சம் நீளம். "போட்டாயிற்று" என்ற வாய்ச்சொல்லை எந்தப் பயிற்சி மருத்துவமனையும் ஏற்காது. தேதியுள்ள சான்று வேண்டும், அல்லது ரத்தப் பரிசோதனை. விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கல்லூரி தந்த பட்டியலே கடைசிச் சொல். ஆனால் கணக்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்கான ஊசி மூன்று டோஸ்: 0, 1, 6 மாதங்களில். அதாவது புதிதாகத் தொடங்கினால் முடிக்கவே அரை வருடம். கடைசி டோஸ் முடிந்து 1 முதல் 2 மாதத்துக்குள் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே தொடங்காதவர்கள் முதல் பயிற்சியைத் தவறவிடுவது இதனால்தான். உங்களுக்கு இரண்டு மாதம்தான் என்பதால் இன்றே முதல் டோஸைப் போட்டுக்கொண்டு, அட்டவணை நடந்துகொண்டிருக்கிறது என்ற சான்றோடு பயிற்சிக்கு அனுமதிப்பார்களா என்று ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அட்டையைத் தேடும் வேலையும் ஒரு பக்கம் நடக்கட்டும்.

அட்டை கிடைத்து, ரத்தத்தில் அளவு 10க்குக் கீழே வந்தால் பதற வேண்டாம். குழந்தையில் போட்டது காலப்போக்கில் அளவில் குறைந்து காட்டுவது சகஜம். வழக்கமாக ஒரு கூடுதல் டோஸ் போட்டு 1 முதல் 2 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் குறைவென்றால் இன்னும் இரண்டு டோஸ் போட்டு இரண்டாவது சுற்றை முடிப்பார்கள்.

தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி இரண்டு டோஸ், நடுவில் குறைந்தது 28 நாள். சின்னம்மைக்கும் இரண்டு. இவை உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளால் ஆனவை. கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் போடக் கூடாது. காசநோய்ப் பரிசோதனையின் முடிவையும் இவை குழப்பும். எம்.எம்.ஆர். போட்ட அடுத்த வாரம் தோல் பரிசோதனை செய்தால், தொற்று இருந்தும் இல்லை என்று வரக்கூடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், அல்லது ஊசிக்குப் பின் 4 வாரம் பொறுங்கள். இதைக் கவனிக்காமல் ஊசியைப் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு மாதத்தை இழப்பவர்கள் நிறைய.

தோல் பரிசோதனைக்காக முன்கையில் போடும் ஊசியின் விளைவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். வியாழக்கிழமை போட்டுக்கொண்டால் திங்கள்கிழமை வரை நீளலாம், அப்போது நேரம் தப்பிவிடும். படிக்கும்போது சிவந்திருப்பதை அளக்கக் கூடாது. விரலால் தடவிப் பார்த்து, தடித்திருக்கும் பகுதியை மட்டும் முன்கையின் நீளத்துக்குக் குறுக்காக மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். சிறு வயதில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தொற்றே இல்லாமலும் தடிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்பது நல்லது, பி.சி.ஜி.யால் அது குழம்பாது. முடிவு பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே நோயாளி ஆகிவிட மாட்டீர்கள். அறிகுறி விசாரணையும் மார்பு எக்ஸ்ரேயும் அடுத்த படி. உள்ளுறங்கும் தொற்று மற்றவருக்குப் பரவாது. இதை வெளியே சொன்னால் விசா போய்விடும் என்று பயந்து மறைப்பதுதான் நிஜமான தொல்லையைக் கொண்டுவரும்.

கே: வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை இங்கே வாங்கும் மருந்துகளோடு சேர்த்துப் போடலாமா? பார்மசி மாணவன்தான், ஆனாலும் பெட்டியில் இருக்கும் பெயர்கள் தலையைச் சுற்ற வைக்கின்றன.

ப: வணிகப் பெயரை மறந்துவிட்டு மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்துப்பொருளின் பெயரைப் படியுங்கள். அதிலும் இரட்டைப் பெயர்கள் உண்டு. பாராசிட்டமாலும் அசிட்டமினோஃபெனும் ஒன்று. சால்பியூட்டமாலும் ஆல்பியூட்டெராலும் ஒன்று. அட்ரினலினும் எபிநெஃப்ரினும் ஒன்று. கிளிபென்கிளமைடும் கிளைபுரைடும் ஒன்று. பாராசிட்டமாலில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 500 மி.கி. மாத்திரை இரண்டு வீதம் நான்கு வேளை என்றால் அதுவே 4 கிராம், வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு. அதன்மேல் அசிட்டமினோஃபென் என்று எழுதிய சளி மருந்தைக் குடித்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். கல்லீரல் கெடத் தொடங்கும் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதால் மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகிறது.

இன்னொரு வகைக் குழப்பம் இதைவிட மோசம்: பெயர் ஒன்று, மருந்து வேறு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்பது புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்றது வீக்கமும் வலியும் குறைக்கும் வேறொரு மருந்து. டைலாகார் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மருந்து, செர்பியாவில் விற்றது டைஜாக்சின் என்ற இதய மருந்து. அளவு சற்றுக் கூடினாலும் நச்சாகிவிடும் மருந்து அது.

மனநோய், கவனக்குறைபாடு, கடும் வலி இவற்றுக்கான மருந்துகளைக் கொண்டுபோகும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் பட்டியலைப் பாருங்கள். ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள், மருந்துச்சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. மற்றவற்றை அசல் பெட்டியிலேயே, மூலப்பெயரும் அளவும் எழுதிய மருந்துச்சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆய்வகச் சீட்டின் அலகும் மாறும். ரத்தச் சர்க்கரை மில்லிமோலில் வந்தால் 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும். 7.0 என்பது 126. கிரியாட்டினினை மில்லிகிராமிலிருந்து மைக்ரோமோலுக்கு மாற்ற 88.4ஆல் பெருக்க வேண்டும். கிரியாட்டினின் 95 என்று பார்த்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று நடுங்க வேண்டாம், ஏறக்குறைய 1.07தான் அது. 03/04 என்ற தேதி ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பதும் நாட்டைப் பொறுத்தது. சந்தேகமானால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். நோயாளிக் குறிப்பில் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போடுங்கள், 5.0 என்று பின்னால் போடாதீர்கள். புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும்.

கே: நோயாளியிடம் விளக்கி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மறுவாரம் வந்தால் எல்லாம் தப்புத் தப்பாகச் செய்திருக்கிறார்கள். என் உச்சரிப்புதான் காரணமோ?

ப: உச்சரிப்பு ஒரு காரணமாக இருக்கலாம், முதல் காரணம் அந்தக் கேள்விதான். அதற்கு "ஆமாம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. நீங்களும் மருத்துவரிடம் அப்படித்தான் தலையாட்டியிருப்பீர்கள்.

அதற்குப் பதில் நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் பரீட்சை வைப்பதுபோல் கேட்கக் கூடாது. பாரத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள்: "நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வீட்டுக்குப் போய் இந்த இன்ஹேலரை எப்படி எடுப்பீர்கள், காட்டுங்கள் பார்ப்போம்." அழுத்தி உறிஞ்சும் சாதாரண இன்ஹேலர் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியவை இவை: குலுக்கினாரா, மூச்சை வெளியே விட்டாரா, உதடுகளை இறுக்கிக்கொண்டாரா, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தினாரா, சுமார் 10 விநாடி அடக்கினாரா, அடுத்த அழுத்தலுக்கு முன் 30 விநாடியாவது விட்டாரா. ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்பது தெரியுமா. முதலில் அழுத்திவிட்டு அப்புறம் உறிஞ்சுவதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகப் பார்க்கும் தப்பு. மருந்து தொண்டையில் படிந்து நின்றுவிடும், நுரையீரலுக்குப் போகாது. வாயால் சொல்ல வைத்தால் இது வெளியே வராது, செய்துகாட்டச் சொன்னால் நொடியில் தெரியும்.

தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், வேறு மாதிரி சொல்லுங்கள். மறுபடியும் கேளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விஷயம் போதும், ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்திக் கேளுங்கள். "ஒரு நாளைக்கு இரண்டு தடவை" என்பதைவிட "காலை 8 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று" தெளிவு. "வெறும் வயிற்றில்" என்பதை "சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்போ, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தோ" என்று விரித்துச் சொல்லுங்கள். சிரப்பை ஸ்பூன் கணக்கில் சொல்லவே சொல்லாதீர்கள். மி.லி.யில் சொல்லி, சிரிஞ்சில் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

உங்கள் உச்சரிப்பு பற்றிக் கவலைப்படுகிறீர்கள், ஆனால் இந்த முறையில் அது குறையாகவே நிற்காது. புரியாதது அங்கேயே வெளிப்பட்டுவிடும். தாய்மொழி பேசும் சக மாணவர்கள் எல்லாம் சொல்லியாயிற்று என்ற தெம்பில் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நோயாளிக்கு மொழி தெரியாவிட்டால் கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகள் கெட்ட செய்தியை மழுப்புவார்கள், அந்தரங்கக் கேள்வியை விட்டுவிடுவார்கள். உங்களுக்கு நோயாளியின் மொழி கொஞ்சம் தெரியும் என்பதால் வார்டில் உங்களையே கூப்பிடுவார்கள். நலம் விசாரிக்க அது போதும். ஒப்புதல் வாங்கவும் மருந்தளவு சொல்லவும் நீங்கள் மறுக்கலாம், மறுக்க வேண்டும்.

கே: பொதுச் சுகாதார முதுகலை ஆய்வுக்கு வெளிநாட்டு மாணவர்களின் சுகாதார எழுத்தறிவை அளக்கப் போகிறேன். எந்தக் கருவி?

ப: நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரியல்ம் என்ற கருவி 66 மருத்துவச் சொற்களை உரக்கப் படிக்கச் சொல்கிறது. பொருள் தெரிகிறதா என்று கேட்பதில்லை. வெளிநாட்டு மாணவரிடம் அதை வைத்தால் நீங்கள் அளப்பது ஆங்கில உச்சரிப்பை. 2005இல் வந்த நியூயெஸ்ட் வைட்டல் சைன், ஐஸ்கிரீம் டப்பாவின் ஊட்டச்சத்து அட்டையைக் காட்டி 6 கேள்வி கேட்கும். 4 முதல் 6 வரை வந்தால் போதுமான திறன். மருத்துவம், பார்மசி படிப்பவர்களில் பெரும்பாலோர் உச்சியிலேயே குவிந்துவிடுவார்கள், வேறுபாடு தெரியாது.

ஐரோப்பியக் கணக்கெடுப்புக்காக உருவான எச்.எல்.எஸ்.-இ.யு.-கியூ47 என்ற கேள்வித்தாள் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன நான்கு வேலைகளை, சிகிச்சை, நோய்த்தடுப்பு, நலம் பேணல் என்ற மூன்று தளங்களில் வைத்து 47 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "மிகவும் கடினம்" முதல் "மிகவும் எளிது" வரை 1 முதல் 4 மதிப்பெண். சராசரியிலிருந்து 1 கழித்து, 50/3 ஆல் பெருக்கினால் 0 முதல் 50 வரை ஒரு எண். சராசரி 2.8 என்றால் 1.8ஐ 16.67 ஆல் பெருக்க 30 வரும். 25 வரை போதாது, 33 வரை சிக்கல், 42 வரை போதுமானது, அதற்கு மேல் மிகச் சிறப்பு என்று பிரிப்பார்கள்.

ஆனால் இது செயலை அளப்பதில்லை, ஒருவர் தனக்கு எவ்வளவு கடினம் என்று நினைக்கிறாரோ அதை அளக்கிறது. இதுவரை டாக்டரைப் பார்க்கவே போகாத முதலாண்டு மாணவர் எல்லாம் எளிது என்று குறித்துவிட்டுப் போவார். மூன்று வருடம் அலைந்தவர் கடினம் என்பார். உங்கள் முடிவில் அனுபவசாலி பின்தங்கியவராகத் தெரிவார். அதனால் அந்த நாட்டில் எத்தனை மாதமாக இருக்கிறார், கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை சிகிச்சைக்குப் போனார், படிக்கும் ஆண்டு, எந்த மொழியில் பதில் தந்தார் என்பதையெல்லாம் சேர்த்தே கேளுங்கள். கூடவே செய்துகாட்டும் பணி ஒன்றாவது வையுங்கள்: காப்பீட்டுப் பத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்து "இந்தப் பரிசோதனைக்கு நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று கேட்டாலே போதும். கேள்வித்தாளை மொழிபெயர்ப்பதானால் மொழிபெயர்த்து, வேறொருவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்கு மாற்றி ஒப்பிட்டு, பிறகு நாலைந்து மாணவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள், கோளாறும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கே: பயிற்சியின்போது ஊசி குத்திவிட்டது. சொன்னால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று தோழி சொல்கிறாள். சொல்லாமல் விடலாமா?

ப: விடக் கூடாது. இதைப் படிக்கும்போது குத்தி 72 மணி நேரம் ஆகியிருக்கவில்லை என்றால் இதழை மூடிவிட்டுக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணிக்குள் தொடங்க வேண்டும், சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 28 நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். 72 மணி கடந்திருந்தாலும் போங்கள், அடிப்படை ரத்தப் பரிசோதனையும் ஹெபடைடிஸ் கண்காணிப்பும் அப்போதும் தேவை.

குத்தியதும் செய்ய வேண்டியது: சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரால் அலசுங்கள். உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லி, எந்த நோயாளி, எந்த ஊசி, எத்தனை மணி என்று எழுத்தில் பதியுங்கள். அந்த நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் அது சிக்கலாகிவிடும், தாமதிக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவு இல்லாவிட்டால் பிறகு சிகிச்சைச் செலவைக் காப்பீடோ மருத்துவமனையோ ஏற்காமல் போகலாம். பயிற்சி தொடங்கும் நாளிலேயே, இரவு நேரத்தில் ஊசி குத்தினால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், மருந்துச் செலவு யார் பொறுப்பு என்ற இரண்டையும் கேட்டு அடையாள அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தோழிக்கும் சொல்லுங்கள்.